கரண்ட் வைத்த பிறகு வரும் இருமல்: நுரையீரல் அழற்சி யாருக்கு வருகிறது?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அம்மாவுக்கு 59 வயது. சின்ன வயதிலிருந்தே ஸ்பின்னிங் மில் வேலை. வலது மார்பகத்தில் புற்று வந்து மார்பகத்தை எடுத்தார்கள். அக்குளில் நாலு நிணநீர் முடிச்சுகளில் நோய் பரவியிருந்ததால் கீமோ, அதன்பின் கோவையில் 15 நாள் கதிர்வீச்சு (ஊரில் கரண்ட் வைப்பது என்பார்கள்). முடிந்து பத்து வாரம் ஆகிறது. இப்போது வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சாயங்காலமானால் லேசாக உடம்பு சுடுகிறது. உள்ளூர் டாக்டர் எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் உச்சியில் நிழலைப் பார்த்துவிட்டு, டிபி மாத்திரை ஆரம்பிக்கலாமா என்கிறார். கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் கேட்டால், கதிர்வீச்சால் வந்த அழற்சியாக இருக்கலாம், நேரில் வாருங்கள் என்கிறார்கள். அத்தை சொல்வது வேறு: “இருபத்தஞ்சு நாள் வெக்கற கரண்ட்டைப் பதினஞ்சு நாள்ல வெச்சு நொரையீரலையே வேக வெச்சுப்போட்டாங்க.” இதெல்லாம் சொல்லிவிட்டு அவர் கேட்கும் கேள்வி: இந்த அழற்சி யாருக்கெல்லாம் வரும், அம்மாவின் மில் வேலைதான் காரணமா?

ஆபத்துக் காரணிகளின் பட்டியலைக் கேட்பதுபோல இருந்தாலும், உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. அம்மாவுக்கு மட்டும் ஏன், யாராவது தப்பு செய்தார்களா, வந்திருப்பது நிஜமாகவே அதுதானா. நான் டாக்டர் அல்ல. கதிர்வீச்சுத் துறையில் பிளான் போடும் மருத்துவ இயற்பியலாளர். எந்தக் கோணத்தில், எவ்வளவு, எங்கே விழ வேண்டும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் வேலை. கொங்குப் பகுதியில் இந்த வேலையில் பல வருடங்கள் ஆகின்றன. முதல் இரண்டு கேள்விகளுக்கு என்னால் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். மூன்றாவதற்கு எந்தக் காரணிப் பட்டியலும் பதில் சொல்லாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆபத்துக் காரணி என்பது சிகிச்சைக்கு முன்னால் போடும் கணக்கு. இருமல் வந்த பிறகு பார்க்க வேண்டியது நுரையீரலைத்தான்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். மார்பகக் கதிர்வீச்சுக்குப் பிறகு இந்த அழற்சி வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பதில் முதலிடம், நுரையீரலின் எவ்வளவு பகுதி கதிரின் பாதையில் சிக்கியது என்பதற்குத்தான். வயது, வேலை, சர்க்கரை எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். மார்புக் கூடு தட்டையாக இல்லை, வளைந்திருக்கிறது. அதனால் மார்புச் சுவருக்கு இரண்டு பக்கவாட்டிலிருந்தும் உரசிக்கொண்டு போகும்படி கதிர்களை விடுகிறோம். எவ்வளவு கவனமாகச் சாய்த்தாலும், விலா எலும்புக்குப் பின்னால் தேங்காய்ப் பத்தை வடிவில் ஒரு துண்டு நுரையீரல் உள்ளே வந்தே தீரும். பிளானிங் சி.டி. படத்தில் அந்தத் துண்டின் தடிமனை நடு மட்டத்தில் அளப்போம். பாஸ்டனிலிருந்து 1990இல் வந்த ஒரு பழைய ஆய்வு இதற்குக் கணக்குத் தந்தது: தடிமன் 1.5 செ.மீ. என்றால் அந்தப் பக்க நுரையீரலில் சுமார் 6 விழுக்காடு சிக்கும், 2.5 செ.மீ. என்றால் சுமார் 16, 3.5 செ.மீ. என்றால் சுமார் 26. ஒரு செண்டிமீட்டர் கூடினாலே இவ்வளவு ஏறுகிறது என்பதால்தான், 3 செ.மீ.யைத் தாண்டினால் கோணத்தை மாற்றிப் பார்க்கிறோம், கையை இன்னும் மேலே தூக்கி வைக்கச் சொல்கிறோம், சில நேரம் டாக்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறோம். மார்புக் கூடு ரொம்ப வளைந்த உடல்வாகிலும், படுத்தால் மார்பகம் பக்கவாட்டில் சரிந்துவிடும் பெண்களுக்கும் இந்தத் தடிமன் தானாகவே கூடும்.

உங்கள் அம்மாவுக்கு இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கும். நாலு முடிச்சுகளில் நோய் இருந்தால் பெரும்பாலும் கழுத்துக்குக் கீழே குறுக்கே ஓடும் காறை எலும்புக்கு மேலே இருக்கும் நிணநீர்ப் பகுதிக்கும் கதிர் கொடுப்பார்கள். அது முன்னாலிருந்து நேராக வருவது. அதன் பின்னால் இருப்பது நுரையீரலின் உச்சி. சிலருக்கு நெஞ்செலும்பை ஒட்டி உள்ளே இருக்கும் முடிச்சுகளையும் சேர்ப்பார்கள். அப்போது இன்னும் ஆழமாகப் போக வேண்டும். கனடாவில் தொடங்கி 1,832 பெண்களை வைத்து நடந்து, 2015இல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில், மார்பகத்துக்கு மட்டும் கதிர் பெற்றவர்களில் 0.2 விழுக்காட்டினருக்கும், முடிச்சுப் பகுதிகளையும் சேர்த்துப் பெற்றவர்களில் 1.2 விழுக்காட்டினருக்கும் கவனிக்க வேண்டிய அளவு நுரையீரல் அழற்சி வந்தது. ஆறு மடங்கு என்றால் நெஞ்சு திக்கென்கும். நூற்றில் ஒருவர் என்று படித்தால் அதன் அளவு புரியும். ஆய்வுக்கு வெளியே, எல்லா வகை நோயாளிகளையும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து பேர் வரை என்று சொல்வது வழக்கம். சி.டி.யில் மட்டும் தெரிந்து, ஆளுக்கு ஒரு தொந்தரவும் தராத நிழல்கள் இதைவிட நிறையப் பேருக்கு இருக்கும்.

எங்கள் கணினித் திரையில் கடைசியாகப் பார்ப்பது ஒரு எண்: அந்தப் பக்க நுரையீரலில் எத்தனை விழுக்காடு 20 கிரேக்கு (கிரே என்பது கதிரின் அளவைச் சொல்லும் அலகு) மேல் வாங்கியது என்பது. இதை வி20 என்போம். ஐந்து வாரச் சிகிச்சையில் மார்பகம் மட்டும் என்றால் 15க்குள் நிற்க வேண்டும், 20 வரை பொறுக்கலாம். முடிச்சுகளும் சேர்ந்தால் 30க்குள், கட்டாயமானால் 35 வரை என்று அமெரிக்க ஆய்வுகளில் வகுத்த அளவுகள் பல இடங்களில் பின்பற்றப்படுகின்றன. நாள் எண்ணிக்கையைக் குறைத்தால் அந்த 20ஐயும் கொஞ்சம் குறைத்தே கணக்கிட வேண்டும். இந்த எண் உங்கள் அம்மாவின் பிளான் ரிப்போர்ட்டில் இருக்கும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தரக்கூடாத ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பரீட்சை மார்க் மாதிரிப் படிக்காதீர்கள். 22 இருந்தும் அழற்சி வந்தவர்கள் உண்டு, 34 இருந்தும் ஒரு இருமல்கூட வராதவர்கள் உண்டு.

அத்தையின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 25 நாளில் 50 கிரே கொடுப்பது பழைய வழக்கம். 15 நாளில் கொடுப்பது அதே 50ஐ அடைத்து ஊட்டுவது அல்ல. மொத்தமே 40 கிரேயாகக் குறைக்கப்படுகிறது. இதைப் பிரிட்டனில் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 10 வருட முடிவுகளை 2013இல் வெளியிட்டார்கள். நோய் திரும்புவதிலும் நுரையீரல் தழும்பிலும் 15 நாள் முறை மோசமாக இல்லை. அந்த ஆய்வில் முடிச்சுப் பகுதிக்கும் கதிர் பெற்றவர்கள் குறைவு என்று ஒரு நியாயமான கேள்வி இருந்தது. சீனாவில் மார்பகம் எடுத்த 820 பெண்களிடம், முடிச்சுப் பகுதியையும் சேர்த்து, 15 நாளில் 43.5 கிரே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. அதிலும் நுரையீரல் பாதிப்பு கூடவில்லை. இப்போது பிரிட்டனில் ஐந்தே நாளில் 26 கிரே என்ற அளவுக்கும் போய்விட்டார்கள். ஆகவே நாள் குறைந்ததால் நுரையீரல் வெந்தது என்பது சரியல்ல. மெஷினே கூடுதலாகக் கொடுத்திருக்குமோ என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. தினமும் காலையில் முதல் நோயாளியைப் படுக்க வைப்பதற்கு முன் மெஷினின் வெளியீட்டைச் சரிபார்க்கிறோம், படுத்திருக்கும் நிலையைப் படம் எடுத்து ஒத்துப் பார்க்கிறோம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் இந்த மெஷின்களை ஓட்டவே முடியாது. தப்பே நடக்காது என்று எந்தத் தொழிலிலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தப்பே இல்லாமல், சரியாகப் போட்ட பிளானிலும் இந்த அழற்சி வரும். வந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து யார் மீதும் பழி போட முடியாது.

சிகிச்சை முறை பற்றி என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. ‘ஐஎம்ஆர்டி, வீமேட் வைத்திருந்தால் வந்திருக்காது, நாங்கள் காப்பீட்டுத் திட்டத்தில் போனதால் சாதா முறையில் வைத்துவிட்டார்கள்’ என்று நிறையப் பேர் வருத்தப்படுகிறார்கள். சுற்றிச் சுற்றி வந்து கதிர் விடும் அந்த முறைகள் அதிக அளவு விழும் பகுதியைச் சுருக்கும். ஆனால் குறைந்த அளவுக் கதிரை எதிர்ப்பக்க நுரையீரல், எதிர்ப்பக்க மார்பகம் வரை பரப்பிவிடும். வளைந்த மார்புக் கூடும் உள் முடிச்சுகளும் இருக்கும்போது அவை உண்மையிலேயே உதவும், எல்லோருக்கும் அல்ல. சாதாரண முப்பரிமாண பிளான் ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதிர் வாங்கும் முறை முக்கியமாக இடது பக்கத்துக்கு, இதயத்தைக் காப்பாற்ற. நுரையீரல் விரிந்துகொள்வதால் சிக்கும் விழுக்காடும் பெரும்பாலும் குறையும்.

மருந்துகளுக்கு வந்தால் உறுதியும் சந்தேகமும் கலந்திருக்கின்றன. கீமோவும் கதிரும் ஒரே நேரத்தில் கொடுத்தால் அழற்சி கூடும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. அதனால்தான் கீமோ முடிந்து சில வாரம் இடைவெளி விட்டுக் கதிரை ஆரம்பிக்கிறார்கள். பேக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து பற்றி 2001இல் வந்த ஒரு ஆய்வு எங்களை ரொம்பவே பயமுறுத்தியது. அந்த மருந்து வாங்கிய 41 பேரில் சுமார் 15 விழுக்காட்டினருக்கு அழற்சி, வாங்காதவர்களில் 1 விழுக்காடுதான். ஆனால் 41 பேர் என்பது சின்னக் கூட்டம். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் ஒழுங்காகத் திரும்ப வரவில்லை. கொஞ்சம் கூட்டலாம், ஒரே நேரத்தில் கொடுக்காமல் இருப்பதே முக்கியம் என்பதுதான் நான் எடுத்துக்கொள்வது. டமாக்ஸிஃபென் மாத்திரை தழும்பைக் கூட்டும் என்று தொண்ணூறுகளில் டென்மார்க்கிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. வேறு ஆய்வுகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இதை நம்பி யாரும் ஹார்மோன் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. சில வகை மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் ட்ராஸ்டுஸுமாப் மருந்தைக் கதிரோடு சேர்த்துக் கொடுப்பது பொதுவாகப் பாதுகாப்பானது. ஆனால் அதோடு கீமோவைக் கோத்துச் செய்த புதிய மருந்தான ட்ராஸ்டுஸுமாப் டெரக்ஸ்டெகன் கதிர் இல்லாமலே நுரையீரல் அழற்சி தரும், உயிருக்கு ஆபத்தாகவும் போகலாம். அபெமாசிக்லிப், எவரோலிமஸ் மாத்திரைகளுக்கும் அழற்சி தரும் அந்தக் குணம் உண்டு. அம்மாவின் மருந்துப் பட்டியலில் இவற்றில் ஏதாவது இருந்தால், பழியை முழுக்கக் கதிரின் தலையில் போடும் முன் டாக்டர் அதையும் யோசிப்பார்.

இனி மில். பஞ்சுத் தூசி பைசினோசிஸ் கொண்டுவரும் என்பது தெரிந்த விஷயம். வார விடுமுறை முடிந்து முதல் நாள் ஷிப்டுக்குப் போனதும் நெஞ்சு இறுகுகிறது என்பார்களே, அது. ஆனால் அது முக்கியமாக மூச்சுக் குழாய்களின் நோய். கதிர்வீச்சு அழற்சி காற்றறைகளின் மெல்லிய சுவரில் நடப்பது. பஞ்சுத் தூசிதான் கதிர்வீச்சு அழற்சியைக் கொண்டுவருகிறது என்று நிறுவப்படவில்லை. மில் வேலை செய்வது வேறொன்று: கையிருப்பைக் குறைத்துவிடும். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு உறைக்காத சின்ன அழற்சி, ஏற்கெனவே தூசியாலும் விறகடுப்புப் புகையாலும் தேய்ந்த நுரையீரலில் படியேறும்போது மூச்சுத் திணறலாகத் தெரியும். நிஜமாகவே கவலைப்பட வேண்டிய பழைய நோய், நுரையீரலின் இடைத்திசு தடிக்கும் நோய்கள். அது இருந்தால் ஆபத்து பல மடங்கு, கதிர் கொடுக்கலாமா வேண்டாமா என்றே யோசிக்க வேண்டி வரும். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், தோல் இறுகும் ஸ்க்ளீரோடெர்மா போன்றவை இருப்பவர்களுக்கும் இந்தத் தடிப்பு மறைந்திருக்கலாம். நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணையில் காலம் கழித்தவர்களையும், வீட்டு மொட்டை மாடியில் புறா வளர்ப்பவர்களையும் அதனால்தான் எங்கள் டாக்டர் தனியாக விசாரிப்பார். பறவைத் தூசி ஒவ்வாமையும் இதே இடைத்திசுவைத்தான் தாக்கும்.

வயது கூடினால் ஆபத்து கூடும் என்று சில ஆய்வுகள், இல்லை என்று சில. சர்க்கரையும் அப்படித்தான். புகை பிடிப்பவர்களிடம் இந்த அழற்சி குறைவாகவே காணப்படுகிறது என்று ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வுகள் காட்டின, வேறு இடங்களிலும் தென்பட்டது. படிக்கும்போது வேடிக்கையாக இருக்கும். ஆனால் மார்பகக் கதிரோடு புகையும் சேர்ந்தால் பல வருடம் கழித்து நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு கணிசமாக ஏறுகிறது. வீட்டில் யாராவது இந்த முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பீடிக்கு நியாயம் பேசினால், இரண்டாம் பாதியைப் படித்துக் காட்டுங்கள்.

இனி அந்த எக்ஸ்ரே. கழுத்துப் பகுதிக்குக் கதிர் கொடுத்தவர்களுக்கு நிழல் விழும் இடமும், நம் ஊரில் டிபி பிடிக்கும் இடமும் ஒன்றே: நுரையீரல் உச்சி. ஆகவே உள்ளூர் டாக்டரின் சந்தேகம் முட்டாள்தனம் அல்ல. கதிர்வீச்சு நிழலுக்கு ஒரு அடையாளம் உண்டு. நுரையீரலின் இயற்கையான மடல் எல்லைகளை அது மதிக்காது, கதிரின் ஓரம் எங்கே போனதோ அங்கே ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல நிற்கும். இப்போது எடுக்கும் சி.டி.யையும் பழைய பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பல நேரம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இதனால்தான் நேரில் வரச் சொல்கிறார்கள். கால இடைவெளியும் அம்மாவுக்குப் பொருந்துகிறது: இந்த அழற்சி கதிர் முடிந்து ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், அதிலும் முதல் மூன்று மாதத்தில் அதிகம் வரும். ஆனால் கதிர் படாத இடத்தில் நிழல் இருந்தால் கதிருக்குச் சம்பந்தமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. மார்பகக் கதிருக்குப் பிறகு சிலருக்கு ஆர்கனைசிங் நிமோனியா என்ற வகை வருகிறது. அது இடம் மாறும், எதிர்ப்பக்கத்துக்கே தாவும், காய்ச்சலும் காட்டும்.

வந்திருப்பது எது என்று முடிவு செய்யாமல் மருந்து தொடங்குவதில் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது. கதிர்வீச்சு அழற்சிக்குக் கொடுப்பது ஸ்டீராய்டு. உள்ளே டிபி இருக்கும்போது அதைக் கொடுத்தால் டிபி பரவும். டிபியே இல்லாதவருக்கு ஆறு மாதம் டிபி மாத்திரை கொடுத்தால் கல்லீரலுக்குத் தொல்லை, உண்மையான சிகிச்சையும் தள்ளிப்போகும். சளியை, டிபி கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சிபிநாட் பரிசோதனைக்குக் கொடுங்கள், அரசு மருத்துவமனையில் காசில்லாமல் செய்வார்கள். வறட்டு இருமலில் சளி வராவிட்டால் எப்படி எடுப்பது என்று அவர்களே சொல்லித் தருவார்கள். டிபி, கதிர்வீச்சு அழற்சி இரண்டும் இல்லாமல், சாதாரண நுரையீரல் தொற்று, நோய் நுரையீரலுக்குப் பரவியிருப்பது, கீமோவால் இதயம் தளர்ந்திருப்பது, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பது ஆகியவையும் இதே இருமலோடும் மூச்சுத் திணறலோடும் வரும். டமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கட்டி வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஆகவே ஒரு கால் மட்டும் வீங்கினால், இருமலில் ரத்தம் வந்தால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் 94க்குக் கீழே போனால், அப்பாயின்ட்மென்ட் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கதிர்வீச்சு அழற்சிதான் என்று உறுதியானால், லேசாக இருப்பவர்களுக்கு மருந்தே இல்லாமல் கவனித்துக்கொண்டிருப்பதும் உண்டு. தொந்தரவு இருந்தால் பிரெட்னிசலோன் மாத்திரை. டாக்டர்கள் பெரும்பாலும் 40லிருந்து 60 மில்லிகிராமில் தொடங்கி, பல வாரங்களில் படிப்படியாகக் குறைப்பதைப் பார்க்கிறேன். அளவை முடிவு செய்வது அவர்கள் வேலை. நான் சொல்ல வருவது குறைப்பதைப் பற்றி. நாலே நாளில் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டு, பத்து நாள் கழித்து முன்னைவிட மோசமாகத் திரும்பி வருபவர்கள் உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் ஸ்டீராய்டு நடக்கும் வாரங்களில் அது தாறுமாறாக ஏறும், அதைப் பார்க்கும் டாக்டருக்கும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள். நிழல் மட்டும் முழுதாக மறையாது, ஆறு மாதம், ஒரு வருடத்தில் தழும்பாகி அங்கேயே நிற்கும்.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ மருந்துகளின் பெயர்களும் தேதிகளும், உள்ளூர் எக்ஸ்ரே, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் கையில் இருக்கட்டும், சி.டி. எடுத்தால் ரிப்போர்ட்டோடு சி.டி. படத்தையும் கேட்டு வாங்குங்கள். பிளான் ரிப்போர்ட்டின் ஒரு நகலை வீட்டு ஃபைலிலும் போட்டு வையுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறு ஏதோ காய்ச்சலுக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் அந்தத் தழும்பு தெரியும், அப்போதும் யாராவது டிபி என்பார்கள். மறுபடி மில்லுக்குப் போகலாமா என்று அம்மா கேட்டால், இருமல் அடங்கி, ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை ஒன்று செய்த பிறகு நெஞ்சக டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை தூசி பறக்கும் ஸ்பின்னிங், கார்டிங் பக்கம் வேண்டாம், விறகடுப்புப் பக்கமும் வேண்டாம்.